பீட்டாவுக்கு உன் பெயர் கிடையாது

இன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் புது ஃபிளெக்ஸ் வாடை மூக்கில் ஏறியது. ஆர்.எஸ்.புரத்தில் அச்சடித்து வந்ததாம். ஆளுயரத்துக்கு உன் பெயர். கீழே, 'புதிய பதிப்பு, வெள்ளிக்கிழமை வெளியீடு'. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது, அதனால் புரோகிராம் எழுத உதவும் நம் மென்பொருளின் அடுத்த பதிப்புக்கு உன் பெயராம். நான் அழுவேன் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு வந்தது கோபம்.

அந்தப் பதிப்பு இன்னும் பீட்டா. சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் எழுதிய புரோகிராம் மொத்தமும் காணாமல் போகிறது. மோட்டார் பம்புக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் நம்மை நம்பித்தான் இதில் உட்காருகிறார்கள்.

பெயர் வைக்கும் வழக்கத்தை ஆரம்பித்தவளே நீதான். ஆல்பா, பீட்டா வரைக்கும் வெறும் எண். பிழைகள் தீர்ந்து 'ஸ்டேபிள்' ஆன பிறகுதான் பெயர். அதுவும் நீ தொண்டாமுத்தூருக்குப் போகும் டவுன் பஸ்ஸின் நிறுத்தங்கள் வரிசையாக: லாலி ரோடு, பி.என்.புதூர், வடவள்ளி. ஒருமுறை கஸ்டமர் அவசரப்படுகிறார், பீட்டாவையே வடவள்ளி என்று அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர். நீ கையிலிருந்த டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க சார், பஸ் நின்னாத்தானுங்க எறங்க முடியும்? ஓடுற பஸ்ல இருந்து குதிக்கச் சொல்றீங்களே!"

அவர் சிரித்துவிட்டார். கஸ்டமர் காத்திருந்தார்.

இன்று அதே மேனேஜரிடம் போய் நின்றேன்.

"அந்தப் பேர எடுத்துப்போடுங்க சார்."

"அவங்களுக்கு மரியாதை செய்யத்தானுங்கம்மா. வெள்ளிக்கிழமைக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சுங்க."

"பீட்டாவுக்கு வெச்சா அது மரியாதை இல்லீங்க. இருந்திருந்தா அவளே சண்டைக்கு வந்திருப்பா. சோதிச்சுப் பாக்குறவ நானுங்க, ஸ்டேபிள்னு கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

"வேலை போனாலுமா?"

"போனாலுமுங்க."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கட்டும். ஃபிளெக்ஸைச் சுருட்டி என் நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

நாள் முழுக்க உழைத்ததைப் பறிகொடுத்த ஒருவன் பதிப்பின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவான். உன் பெயரை யாரும் அப்படிச் சொல்லி என் காதால் கேட்க முடியாது. நீ இல்லாததையே இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

"அவசரப்படாத அம்மணி, இன்னொருக்கா ஓட்டிப் பாரு" என்பாய். ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சேமிக்கும்போதே பிளக்கைப் பிடுங்குகிறேன், ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். என்றைக்கு அது பத்திரமாக இருக்கிறதோ, அன்றைக்கு உன் பெயரை நானே டைப் அடிப்பேன்.

அதுவரை உனக்கும் வெறும் எண்தான், அம்மணி.