திரைக்குப் பின்னால் கை நீட்டிய செல்வ வைத்தியர் குறித்துப் பவழத்துறை அவைக்கு விடுத்த ஓலை

நலம் நிறைக. நெடுமணல் நாடும் அதன் பன்னிரு துறைகளும் தம் குடை நிழலில் அச்சமின்றி வாழ, அறம் வழுவாது கோல் செலுத்திவரும் பூதலமாணிக்க தேவியாரின் திருவாய்மொழிப்படி, அரச ஓலை எழுதும் திருமுக நாயகம் குறும்பொறையனாகிய நாம், பவழத்துறை மருத்துவ அவையத்தார் ஒன்பதின்மருக்கும் விடுக்கும் ஓலை இது. உங்கள் ஊரில் மழை தவறாது பெய்க. கலங்கள் பல வந்து சேர்க. பிணிகள் குறைக. அது உங்கள் கையால் குறையும் என்னும் நம்பிக்கை எமக்கு இல்லை. வாழ்த்துவது மரபு என்பதால் வாழ்த்தினோம்.

நீங்கள் பட்டுக் கயிறு கட்டி அனுப்பிய விண்ணப்பம் தேவியார் திருமுன் படிக்கப்பட்டது. உப்பு வணிகர் மகளாகிய மாணவி கொற்றி என்பாள், மருத்துவ மாணிக்கம் சீகண்டனாரை ஊரறிய அவமதித்தாள் என்றும், அவளது தேர்வைச் செல்லாது என்று நீக்கினீர்கள் என்றும், அவமானம் பொறாத சீகண்டனார் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். தேவியார் மும்முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறையே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் முறை சினம் வந்தது. உடனே அரண்மனை மருத்துவச்சி நீலியாரை உங்கள் ஊருக்கு அனுப்பினார். நீலியார் கண்டதையும் கேட்டதையும் இனிக் கேளுங்கள். சாட்சிகள் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுக என்பது ஆணை. இவ்வோலை நோயாளர் தங்கும் ஆதுலர் சாலையின் வாயிலில் ஊரார் கேட்கப் படிக்கப்பட வேண்டியது. ஆகையால் நீங்கள் அறிந்தும் அறியாதவர்போல் இருப்பவற்றையும் விளங்கச் சொல்கிறோம்.

சீகண்டனார் யார் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு கட்டு மாளிகை, விரலுக்கு ஒரு மோதிரம், தெருக்கோடிக்குப் போகவும் பல்லக்கு. வயது முப்பத்திரண்டு. பிறந்த நாள் முதல் யாரும் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை. சென்ற ஆண்டு ஆதுலர் சாலைச் சந்தில் அவர் பல்லக்கு வழியை அடைத்துக்கொண்டு நிற்க, மூலிகைக் கூடையோடு எதிரே வந்த கொற்றி, "காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, ஐயா? எறங்கி நடங்க. சுமக்கிறவன் முதுகு ஒடியுது" என்றாளாம். சீகண்டனார் இறங்கினார். ஏன் இறங்கினோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று நீலியாரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு அந்தப் பெரிய மனிதர் செய்த கூத்தை எழுத எமக்கே வெட்கமாக இருக்கிறது. தம் மாளிகையில் அறை நிறைய மருந்து வைத்திருப்பவர், ஏழை நோயாளருக்கென்று அரசு நடத்தும் ஆதுலர் சாலைக்குத் தலைவலி என்று வந்தார். மறுநாள் வயிற்றுவலி என்றார். அதற்கு மறுநாள் முழங்கால். மாணவி கொற்றி மூன்றுக்கும் ஒரே நிலவேம்புக் கசாயத்தைக் கொடுத்தாள். ஊரே முகம் சுளிக்கும் அந்தக் கசப்பைப் பாயசம்போல் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாராம். அட தெய்வமே! இவரா அரண்மனை வாயிலில் முதல் தாம்பூலம் பெறுகிறவர்?

இனித் தேர்வுக்கு வருவோம். ஏழாண்டு கற்ற மாணவர் கடைசியில் திரையின் முன் அமர வேண்டும். திரைக்குப் பின்னால் யாரென்று தெரியாத நோயாளி ஒருவர் கையை மட்டும் நீட்டுவார். மாணவர் நாடி பிடித்து நோய் இன்னது, மருந்து இன்னது என்று ஓலையில் எழுத வேண்டும். அந்த நோயாளி, எழுதியதை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒன்றும் குறையாமல் செய்வேன் என்று விளக்கின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருப்பார். அவர் தேறினால் மாணவருக்கு அரச முத்திரை பொறித்த கல்வம் கிடைக்கும். அதில் மருந்து அரைத்து எங்கும் வைத்தியம் பார்க்கலாம். நோயாளி ஒரு நாள் தவறினாலும் மருந்து மெய்ப்பிக்கப்படவில்லை என்று ஆகும். மாணவர் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும். மறுதேர்வு கிடையாது. கொற்றியின் உப்பளத்து ஊர்களில் இன்றுவரை வைத்தியர் ஒருவரும் இல்லை. அவள் தந்தை கல்வத்தை ஏற்றிப்போக வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டு வந்து, சாலை வாயிலில் மாட்டை அவிழ்த்துவிட்டுக் காத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட தேர்வில், திரைக்குப் பின்னால் அமர வேண்டிய மீனவர் ஒருவருக்குப் புதுவேட்டி கொடுத்து அனுப்பிவிட்டு, சீகண்டனார் தாமே போய் உட்கார்ந்துகொண்டார். எதற்காக? அவள் தம் கையை ஒரு நாழிகை பிடித்திருப்பாள் என்பதற்காக. அதைத் தவிர வேறு எண்ணமே இல்லை என்று அவர் கண்கலங்கச் சொன்னபோது, நீலியார் தலையில் அடித்துக்கொண்டாராம். மோதிரங்களைக் கழற்றிவைக்கும் அறிவு மட்டும் அவருக்கு இருந்தது. மோதிரம் கிடந்த இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது கொற்றியின் கண்ணில் பட்டுவிட்டது.

மூன்று விரல் மணிக்கட்டில் பட்டதும் மூச்சு விடவே மறந்துபோனேன் என்கிறார் அவர். ஊரார் நாடியை எல்லாம் பிடித்தவர், தம் நாடி தம் பேச்சைக் கேட்காது என்பதை அன்றுதான் கண்டார். அவள் பேசினால் அது துள்ளியது. அவள் நிறுத்தினால் அடங்கியது. அவளும் அதைக் கண்டுகொண்டு, வேண்டுமென்றே இரண்டு முறை பேசிப் பார்த்தாள். பிறகு எழுந்து, இவருக்கு உடம்பில் நோய் இல்லை, உழைப்பறியாச் செல்வமே நோய் என்று அவையில் அறிவித்தாள். நாள்தோறும் கிணற்றிலிருந்து நாற்பது குடம் நீர் இறைத்துச் சாலை நோயாளருக்குச் சுமந்து ஊற்றுக. உப்பில்லாக் கஞ்சி மட்டும் உண்க. கடைசியாக, எவர் பேசினால் நாடி துள்ளுகிறதோ அவரிடம் நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொல்லும் பேசாதிருக்க. இவ்வளவுதான் அவள் எழுதியது. திரை விலகியது. கூடம் அதிரச் சிரித்தது.

அவர் எழுந்து ஒரு சொல்லும் பேசாமல் வெளியே போனார். அவருக்கு அவமானம் என்று நீங்களாகவே முடிவுகட்டிக்கொண்டு, அவர் மனம் குளிரட்டும் என்று மூன்றாம் நாளே தேர்வை நீக்கினீர்கள். நீக்கியதைச் சாலைக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. அவர் உங்களைக் கேட்டாரா? இல்லை. நீங்கள் அவரைக் கேட்டீர்களா? மாளிகைக்கு ஆள் விட்டீர்கள்; அவர் வீட்டில் இல்லை என்று விடை வந்தது. பேசாமல் போனார், வீட்டில் இல்லை என்கிறார்கள், ஆகவே படுத்த படுக்கையாய்க் கிடக்கிறார் என்று எழுதிவிட்டீர்கள். இதுவோ உங்கள் நோய் அறியும் திறம்?

அவையத்தாரே, நீலியார் அவரை எங்கே கண்டார் தெரியுமா? உங்கள் அவைக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஆதுலர் சாலைக் கிணற்றடியில், முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடமும் தோளுமாக. அன்று முப்பத்தொன்றாம் நாள். தேர்வு முடிந்த மறுநாள் காலையிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அங்கே கிடக்கும் நோயாளர் எல்லாரும் அவரைப் பார்த்திருக்கிறார்கள். வாயிலில் காத்திருக்கும் கொற்றியின் தந்தை பார்த்திருக்கிறார், வண்டி மாடுகூடப் பார்த்திருக்கிறது. நாட்டின் மருத்துவ அவையம் ஒன்றுதான் பார்க்கவில்லை. நோயாளர் கிடக்கும் இடத்தில் உங்களில் ஒருவருடைய காலாவது இந்த முப்பத்தொரு நாளில் பட்டிருந்தால், இந்த விண்ணப்பம் எழுதப்பட்டே இராது.

இருபத்துமூன்றாம் நாள் நடந்ததையும் ஊர் அறியட்டும். கொற்றி கிணற்றோரம் குனிந்து கீழாநெல்லி பறிக்கிறாள். அவள் காலருகே ஒரு விரியன். சீகண்டனார் பார்த்துவிட்டார். கத்தினால் சத்தியம் போகும், சத்தியம் போனால் அவள் கல்வம் போகும். கத்தாவிட்டால் அவளே போய்விடுவாள். வாயை இறுக மூடிக்கொண்டு, கையிலிருந்த குடத்தை நீரோடு எறிந்தார். குடம் பாம்பின்மேல் விழுந்து உடைந்தது. நீரெல்லாம் அவள்மேல். பாம்பைக் காணாத அவள் நனைந்த தலையோடு நிமிர்ந்து, "பேசாதீங்கன்னுதானே எழுதினேன், தலையில தண்ணியக் கொட்டுங்கன்னா எழுதினேன்?" என்று தொடங்கி, சாலையே எட்டிப் பார்க்கும்படி வைது தீர்த்தாள். அவர் நின்றார். பாவம், கை நீட்டிக் காட்டக்கூடத் தோன்றவில்லை. காட்டுவதும் பேச்சாகிவிடுமோ என்று பயந்தாராம். உடைந்த ஓட்டின் அடியில் பாம்பின் வால் அசைவதை அவளே பார்த்தாள். வசவு பாதியில் நின்றது. அவரோ, உடைந்த குடம் கணக்கில் சேராது என்று இன்னொரு குடம் இறைக்கப் போய்விட்டார்.

மறுநாள் அவர் கஞ்சிக் கலத்தின் ஓரத்தில் ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் இருந்தது. மருந்தோலையில் நார்த்தங்காய் இல்லை. வைத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. உப்பு வணிகர் வீட்டு நார்த்தங்காயின் மணத்தை எவரும் அறிவர். இருபத்துமூன்று நாள் உப்பே அறியாத நாக்கு. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கஞ்சியை மட்டும் குடித்து, நார்த்தங்காயைத் தொடாமல் அப்படியே திருப்பி வைத்தார். கலத்தை எடுக்க வந்த கொற்றி அதைப் பார்த்தாள். சமையற்கட்டுக்குப் போய், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தன் கல்வத்துக்குத் தானே குழிபறிக்க இருந்ததும், அதைக் காத்தவர் யார் என்பதும் ஒரே நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டன.

நீலியார் சீகண்டனாரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மந்தம் போயிற்று. தொந்தி போயிற்று. நாற்பது குடம் சுமந்தும் மூச்சு வாங்கவில்லை. கொற்றி சொன்ன நோய் உண்மை, எழுதிய மருந்தும் உண்மை. கொற்றியின் குரல் கேட்டால் துள்ளும் அந்தத் துள்ளல் மட்டும் போகவில்லை. அதை நோய் என்று அவளும் எழுதவில்லை.

ஆகவே ஆணை. நீங்கள் தேர்வை நீக்கியது செல்லாது. நாற்பத்தெட்டாம் நாள் மாலை, அரச முத்திரை பொறித்த கல்வத்தை அவையத்தலைவரே தம் தலையில் சுமந்து வந்து கொற்றியின் கையில் கொடுக்க வேண்டும். வண்டியில் ஏற்றுவதும் அவரே. நாற்பத்தொன்பதாம் நாள் முதல் சாலைக்கு நீர் இறைக்க ஆள் இராது. அவையத்தார் ஒன்பதின்மரும் ஒரு மண்டலம் நாளொன்றுக்கு நாற்பது குடம் இறைத்துச் சுமக்கக் கடவீர்கள். நோயாளர் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பது அப்போதாவது உங்களுக்குத் தெரியவரும். படித்தவர் வேடத்தில் பல்லக்கு ஏறித் திரியும் உங்களைக் காட்டிலும், கசாயத்தைக் கேட்டு வாங்கிக் குடித்த அந்தப் பைத்தியக்காரர் எவ்வளவோ மேல் என்று தேவியார் திருவாய் மலர்ந்தருளினார். அதையும் உரக்கப் படிக்க.

சீகண்டனாருக்கு ஆணை ஏதும் இல்லை. அவர் ஏற்கெனவே போதுமான அளவு ஒருத்தியின் ஆணையில் இருக்கிறார். நாற்பத்தொன்பதாம் நாள் காலை அவர் தன்னிடம் பேச வந்தால் கேட்பாளா என்று நீலியார் கொற்றியிடம் கேட்டார். அவள் கல்லுப்பை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "பேசட்டும். முதல்ல அந்த நார்த்தங்காயச் சாப்பிடட்டும்" என்றாளாம்.

இது தேவியார் திருமுன் எழுதி, படித்துச் சரிபார்த்து, அரக்கில் மீன்கொத்தி முத்திரை இட்டு விடுத்த ஓலை. சாலை வாயிலில் மும்முறை படிக்க. அவையத்தார் நின்றுகொண்டு கேட்க.