குளிரில் விலகும் சிப்

சோஃபியா,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் காலினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன் மீட்புக் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. விதோஷா மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. இந்த வருஷம் மிளகாய் விழுது கிளறும்போது அடிபிடிக்க விட்டுவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டில் ஏதோ சரியில்லை என்று அதிலேயே உனக்குப் புரியும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். என் போனும் கணினியும் அலுவலகத்துடையவை. அவற்றில் எதைச் சொன்னாலும் நிறுவனத்தின் வக்கீல் காதுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மாடி வீட்டு வெலிச்கோ லாரியில் ஜார்ஜியா வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம், வசந்தத்தில் உங்கள் குழுவுக்கு எங்கள் நிறுவனம் மாதிரிக்கு அனுப்பிய கருவிகளைப் பற்றியது. பனிச்சரிவுக்குப் போகும்போது நெஞ்சில் கட்டிக்கொள்கிறீர்களே, புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க, அவை. உள்ளே இருப்பது நான் வடிவமைத்த சிப். அது இம்மியும் பிசகாமல் ஒரே அலைவரிசையில் ஒலிக்க வேண்டும். விலகினால் மேலே தேடுபவரின் கருவிக்கு அது கேட்காது.

சிப்பை விலகவைக்க மூன்று விஷயங்கள் போதும். ஒரே சிலிக்கான் தட்டில் செய்தாலும் ஒன்று துடியாக வரும், ஒன்று மந்தமாக வரும். குளிர் அதை ஒரு பக்கம் இழுக்கும். பேட்டரி இறங்கினால் இன்னொரு பக்கம் இழுக்கும். இவற்றை ஈடுகட்டத்தான் உள்ளேயே ஒரு சிறிய சுற்று வைத்தேன். ஆனால் ஒவ்வொரு சிப்பின் குணமும் வேறு. எவ்வளவு ஈடுகட்டுவது என்பதை தொழிற்சாலையில் இரண்டு முறை அளந்து ஒவ்வொன்றுக்கும் பதிய வேண்டும். ஒரு முறை அறையின் சூட்டில், ஒரு முறை கடுங்குளிரில். தலைமையகம் குளிரில் அளப்பதை நிறுத்திவிட்டது. நேரமாகிறதாம். உங்களுக்கு வந்தவையும் அப்படிக் குளிரில் அளக்காதவையே. இதை நான் அறிந்தது கோடையில்தான்.

உடனே பத்து சிப்புகளைக் குளிர்பெட்டியில் வைத்து, மின்னழுத்தத்தை மெல்ல இறக்கிப் பார்த்தேன். மூன்று விலகின. மூன்றும் மந்தமான ரகம். பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்ததும் ஒன்றும் நடக்காதது போல் சரியாக ஒலித்தன. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. உங்கள் அறையில் வைத்துச் சோதித்தால் எல்லாமே நன்றாக இருக்கும், காலினா.

ஆசெனிடம் போனேன். இருபது வருஷ நண்பன், இங்கே கிளைத் தலைவன். உன் பள்ளி நாடகத்துக்கு என்னைவிட முன்னால் வந்து உட்கார்ந்தவன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "லுபோ, மந்தமான சிப்பு, கடுங்குளிரு, செத்த பேட்டரி, மூணும் ஒரே நேரத்துல எங்கடா வந்து சேரும்?" என்றான்.

"பனிக்கு அடியில கிடக்கிறவன்கிட்டதான்டா சேரும். வேற எங்க சேரும்?" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டான். பிறகு, "விற்பனையை நிறுத்தினா நம்ம ஆபீசையே மூடிருவாங்க. எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்தணுமா? அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம், கருவி சரின்னு கையெழுத்த மட்டும் போடு" என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அவன் கழுத்தையும் யாரோ பிடித்திருக்கிறார்கள்.

அம்மாவும் அதே அலுவலகத்தில்தானே சிப்புகளின் வரைபடம் போடுகிறாள். அன்று ட்ராமில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நீ கையெழுத்து போட்டா உன்கூட ஒரே மேசையில சாப்பிட மாட்டேன். போடலேன்னா சாப்பிட ஒண்ணும் இருக்காது. எதுன்னு நீயே முடிவு பண்ணு." எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். 

நான் கையெழுத்துப் போடவில்லை. என் இடத்தில் ஆசெனே போட்டான். கருவி கிறிஸ்துமஸுக்குக் கடைகளுக்கு வருகிறது. ஆய்வுக்கூடத்தின் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். தினமும் போகிறேன், வெறும் மேசை முன் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என் குழுப் பையன்கள் காப்பி எடுக்க என் மேசைப் பக்கம் வராமல் சுற்றிப் போகிறார்கள். வேலையை விட்டாலும் இந்தத் தொழிலில் வேறு யாரிடமும் இரண்டு வருஷம் சேர முடியாது, ஒப்பந்தம் அப்படி. வெளியில் சொன்னால் வழக்கு. அம்மாவையும் சேர்த்து இழுப்பார்கள். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, மூச்சுதான் முட்டுகிறது.

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம். போன வாரம் நீ அனுப்பிய படத்தில் உன் மார்பில் அந்தக் கருவி இருந்தது. "அப்பா செய்த சிப், இறகு மாதிரி லேசு" என்று எழுதியிருந்தாய். அம்மா படத்தை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெலிச்கோ ஒரு பொட்டலமும் தருவார். உள்ளே அந்த சிப் இல்லாத நான்கு பழைய கருவிகள் இருக்கின்றன. கனமாக இருக்கும், பார்க்கவும் அழகில்லை. எல்லாவற்றையும் பால்கனிக் குளிரில் வைத்து நானே சோதித்தேன். நீ ஒன்றைக் கட்டிக்கொள், மற்றவற்றை உன் குழுவுக்குக் கொடு. புதியவற்றைக் கழற்றிவிடச் சொல். மற்ற மலைகளில் இருக்கும் மீட்புக் குழுக்களுக்கும் சொல், மகளே. அவர்கள் நம்ப மறுத்தால் குளிரில் வைத்து, பாதி தீர்ந்த பேட்டரி போட்டுப் பார்க்கச் சொல். ஒன்றிரண்டு போதாது, நிறைய எடுத்துப் பார்க்க வேண்டும்.

அம்மா இதை முழுக்கப் படித்துவிட்டாள். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பொட்டலத்தில் திணித்திருக்கிறாள்.

நீ ஏறும் மலையெல்லாம் உன்னைப் பத்திரமாக இறக்கிவிடட்டும். இதையெல்லாம் யார் சொன்னது என்று எவராவது கேட்டால் தயங்காதே. என் பெயரை முழுதாகச் சொல்.

உன் அப்பா,
லுபோமிர் த்ராகனோவ்