மிளகாய் இல்லாத ராஜ விருந்து

ஈஜிபுரா, பெங்களூர்

அன்பு மகன் தினேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், வீணா மூன்று பேரும் சௌக்கியம், போலந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை நாள் ஃபோனில் சௌக்கியம் சௌக்கியம் என்றதெல்லாம் உனக்காகச் சொன்னது, இந்தத் தடவைதான் கை கூசாமல் எழுதுகிறேன். இந்த ஒற்றை அறை வீட்டில் அப்பா காதில் விழாமல் ஃபோனில் எதையும் பேச முடியாது, அதனால்தான் காகிதம், வீணா இதை ஃபோட்டோ பிடித்து அனுப்புவாள்.

தொண்டைக்கு ரேடியேஷன், அதுதான் கரண்ட் வைப்பது, முடிந்த பிறகும் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயெல்லாம் புண், ரசம்கூட எரிகிறது, எரியாதது மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுவார். எடை இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், குழாய் என்றால் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று இவர் பிடிவாதம். நான் கஞ்சி வைப்பேன், இட்லியைப் பாலில் ஊறவைப்பேன், கட்டிலில் உட்கார்ந்து இரண்டு வாய் எடுத்துவிட்டு, நாங்கள் கீழே குழம்பு சோறு சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்களும் சாப்பிட்ட மாதிரிதான்.

இந்த லட்சணத்தில் உன் தங்கைக்கு விருந்து கேட்டது. நீ பெட்டியில் கட்டி வைத்துவிட்டுப் போன டிராகன் கதைப் புத்தகங்கள், நான் பழைய பேப்பர்காரனுக்குப் போட இருந்தேனே, அதைப் படித்துவிட்டு, அதில் வரும் ராஜாக்களும் வீரர்களும் சாப்பிடுவதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்துப் பார்க்கிறார்கள், அவளும் கூட வேலை செய்யும் கிளிஃபர்ட்டும் உஷாவும். போன மாதம் ஒரு ஞாயிறு கிளிஃபர்ட் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று என் அடுப்புக்கு வந்துவிட்டார்கள். வெள்ளைக்கார தேசத்துப் பழைய காலச் சமையல் மாதிரியாம், அப்போது அங்கே மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாதாம், அதனால் பானையிலும் போடக்கூடாதென்று சட்டம். ஆட்டெலும்பு, பார்லி, டர்னிப் கிடைக்காததால் நூக்கல், எல்லாவற்றையும் குழைய வேகவைத்து பாதாம் பால் ஊற்றி இறக்கினார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் நிறம். இதைத் தின்றுவிட்டா ராஜா சண்டைக்குப் போனான், போர்த்திக்கொண்டு படுத்திருப்பானே என்றேன். தட்டுகூடக் கிடையாது, தடித்த ரொட்டித் துண்டுதான் தட்டு, அதன் மேலேயே ஊற்றி ரொட்டியோடு சாப்பிட வேண்டும்.

கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அதுல காரம் இருக்குதாமா என்று வீணாவைக் கேட்டார். துளிகூட இல்லப்பா என்றாள். உடனே கிளிஃபர்ட், அங்கிள் நீங்கதான் ராஜா, வந்து குந்துங்க என்று பாயின் நடுவில் இடம் விட்டான். எல்லாருக்கும் ஒரே பானை, அவருக்கென்று தனிக் கிண்ணம் இல்லை. எனக்கு இத்தனை நாள் இது தோன்றவே இல்லை தினேஷ், நோயாளிச் சாப்பாடு என்று ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவருக்கு இறங்காமல் இருந்திருக்கிறது. ஊறின ரொட்டியைப் பிட்டுப் பிட்டு, கடைசித் துண்டுவரை சாப்பிட்டார். இருமல் வந்துவிடுமோ என்று நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன், வரவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, இன்னாமா ராஜா வீட்டுச் சமையல் இது, உப்பே இல்ல என்று முகத்தைச் சுளித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குறை சொல்லாத குழம்பு கிடையாது, அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும், அன்றைக்கு பாத்ரூமுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து நம் வீட்டில் ஒரே பானைதான். எங்களுக்கும் மிளகாய் இல்லை, வீணா ஆபீஸில் ஊறுகாய் ஒளித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். நேற்று செக்கப்பில் எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, குழாய் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டரம்மா. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மாரியம்மனுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தேன், அவ்வளவு நிம்மதி. உன் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி வாங்கச் சொல்லியிருக்கிறேன். நீயும் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, நைட் ஷிப்டில் வெறும் வயிற்றோடு நிற்காதே.

நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, நீ நீடூழி வாழ அம்மாவின் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் ஃபோன் செய்தால் அப்பாவிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்காதே, அது நோயாளியைக் கேட்கிற கேள்வி. இன்னிக்கு உப்பு சரியா இருந்துச்சாப்பா என்று கேள், பிறகு ஃபோனை வைக்கவே விடமாட்டார்.

உன் அம்மா,
தனலக்ஷ்மி