பாறை வளைவில் ஒரு ஹார்ன்

4 மார்ச் 2024

கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினெட்டு பேரை லோரியில் ஏற்றிக்கொண்டு மேல்மலைக்குப் போய் வந்தேன். மழை இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியான என் மனைவி நளினி மீன் வாங்கி வரச் சொன்னாளாம். வெறுங்கையோடு வந்து நின்றேன்.

"காத எங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.

இரண்டு பக்கமும்தான் என்றேன். சிரித்தாள்.

7 மார்ச்



பாறை வளைவில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஒரு பக்கம் பள்ளம். ஹார்ன் அடித்துக் காத்திருப்போம். பதில் ஹார்ன் வந்தால் நின்று வழிவிடுவோம். எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இன்றும் அடித்தேன், காத்திருந்தேன். பதில் இல்லை. திரும்பினால் எதிரே ரொட்டிக்கார ஷஹாபுதீனின் மோட்டார் சைக்கிள்! அவர் தேயிலைச் செடிக்குள் பாய்ந்து தப்பித்தார். ரொட்டியெல்லாம் வாய்க்காலில்.

"ரெண்டு தடவ ஹார்ன் அடிச்சேனே விமலன், கேக்கலயா?"

"நீங்க அடிக்கவே இல்லண்ணே."

ஏன் அப்படிச் சொன்னேன்? லோரியின் பின்னால் மற்ற பெண்களோடு இருந்த நளினிக்கு அந்த ஹார்ன் கேட்டிருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

8 மார்ச்

லோரி ஹார்ன் கேட்கிறது. கங்காணி ராமையா கத்துவதும் கேட்கிறது. அப்படியானால் நான் செவிடன் இல்லைதானே? இந்த மோட்டார் சைக்கிள் ஹார்ன் மட்டும் எங்கே போகிறது?

இன்று வளைவுக்கு முன்னால் கேபின் கூரையில் இரண்டு தட்டு. நளினிதான். நிறுத்தினேன். ஒரு மோட்டார் கடந்து போனது.

13 மார்ச்

மற்றவர்கள் உட்கார்ந்து வர, தினமும் கேபினுக்குப் பின்னால் நின்றபடியே வந்து தட்டுகிறாள்.

19 மார்ச்

நளினிக்குக் காய்ச்சல். தட்ட ஆள் இல்லை. பின்னால் பதினேழு பேர்.

பாறை வளைவில் ஹார்ன் அடித்தேன். பதில் சத்தமே இல்லை. நிஜமாகவே இல்லையா, எனக்குத்தான் இல்லையா? கால் பெடலை மிதிக்க மறுத்தது. பயம். ஏதாச்சும் ஆச்சுன்னா இவங்க புள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? எஞ்சினை அணைத்துவிட்டு ராமையாவைப் போன் போட்டு வரவழைத்தேன். சாவியை அவர் கையில் வைத்தேன்.

"எனக்குக் காது சரியா கேக்கலண்ணே. அன்னிக்கு ஷஹாபுதீன் அண்ணன் ஹார்ன் அடிச்சாரு. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எறங்குங்கம்மா, நடந்து போலாம்" என்றார் பெண்களிடம்.

4 ஏப்ரல்

ஈப்போ மருத்துவமனையில் காதுப் பரிசோதனை. சின்ன அறை, தலையில் ஹெட்போன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை, மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெட்டது மெஷின் இல்லை.

பரிசோதித்த நூருல் ஐன் தமிழிலேயே விளக்கினார். "உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒண்ணு இருக்கு அண்ணே. அதுக்குள்ள மயிர் மாதிரி மெல்லிசா செல்லுங்க. அதுங்கதான் சத்தத்த மூளைக்கு அனுப்புது. ரொம்ப இரைச்சல்ல இருந்தா, கீச்சுன்னு வர்ற சத்தத்துக்கான செல்லுங்க மொதல்ல செத்துரும். திரும்ப மொளைக்காது. கருவி மாட்டலாம். ஆனா பழைய காது வராது."

லோரிக்கு வருமுன், இரண்டு பேர் பிடித்துக் கொழுந்து வெட்டும் இரைச்சல் மெஷினைப் பன்னிரண்டு வருஷம் பிடித்தவன் நான். கொடுத்த காதடைப்பைக் கழுத்தில்தான் தொங்கவிட்டிருந்தோம். மறுமுனையைப் பிடிப்பவன் "நில்லு" என்றால் கேட்க வேண்டுமே!

28 மே

இரண்டு காதிலும் கருவி. பிளாஸ்டிக் பை இப்படியா அலறும்?

ஷஹாபுதீனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரொட்டி போனா போவுது. என்னைப் பொய்யனாக்கிட்டியேலா" என்றார். தலையை நிமிர்த்த முடியவில்லை.

12 ஆகஸ்ட்

டாக்டர் கடிதத்தைப் பார்த்து, எஸ்டேட்டை நடத்தும் துரை சம்மதித்தார். மறுபடியும் சாவி.

பாறை வளைவு வந்ததும் நிறுத்தினேன். ஹார்ன் அடித்து, எஞ்சினை அணைத்து, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். மெல்லிசாக, பீப் என்று ஒன்று. இன்னொன்று. ஓரங்கட்டி நின்றேன். ஷஹாபுதீன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடந்து போனார்.

கூரையில் தட்டு விழவே இல்லை.

"தட்ட மறந்துட்டியா?" என்று இறங்கியதும் நளினியிடம் கேட்டேன்.

"நான் இன்னிக்கு உக்காந்துதான் வந்தேன்" என்றாள்.