வியாழக்கிழமை ஷாக்

தம்பானூர்,
திருவனந்தபுரம்.

அன்புள்ள நெல்லையப்பன் அண்ணனுக்கு, தங்கை கௌசல்யா எழுதுவது. மும்பையில் நீங்களும் மதினியும் சுகமாக இருக்கவேண்டும். போனில் பேசினால் இந்த ஒற்றை அறையில் உங்கள் மாப்பிள்ளை காதில் விழும். அதனால்தான் கடிதம்.

கொஞ்ச நாளாகவே அவர் போக்கு சரியில்லை. ஹோட்டலில் பரோட்டா போடும் வேலை மதியத்துக்கு மேல்தான். ஆனால் வியாழக்கிழமை மட்டும் காலையிலேயே கிளம்பிவிடுவார். கேட்டால் மைதா எடுக்கப் போகிறேன் என்பார். ஒருநாள் போனில் யாரிடமோ, அடுத்த ஷாக் எப்போ என்று மெல்லக் கேட்டார். அவர் தம்பி செல்வகணேஷுக்கு மனசு சரியில்லாமல் போனபோது கரண்ட் ஷாக் வைத்தது உங்களுக்கும் தெரியும். இவருக்கும் அதுதானோ என்று நினைத்தேன். நோய் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே. என்னிடம் மறைத்ததுதான் ஆறவில்லை.

போன வியாழன் பின்னாலேயே போனேன். ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஒரு மாடிக் கிளினிக். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். சுவரில் துளை போடும் மெஷின் மாதிரி ஒன்றை ஒரு பெண் அவர் தோளில் வைத்து அழுத்த, டக்டக்கென்று அடிக்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

ஜிஜி என்று பெயர், பிசியோதெரபிஸ்ட். கோபப்படவில்லை. பயப்படண்டா சேச்சி, இது கரண்ட் அல்ல, ஷாக் வேவ், சத்தத்தோட அலையாக்கும் என்றாள். தோளின் தசைநாரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கிறதாம். அலை தட்டித் தட்டி அதை இளக்குமாம். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லமுடியாது, கைக்கு ஓய்வும் வேண்டும் என்றாள்.

ஓய்வுக்கு எங்கே போவது? கை தூக்க முடியவில்லை என்று முதலாளி தங்கபாண்டிக்குத் தெரிந்தால் அடுப்பில் வேறு ஆளை நிறுத்திவிடுவாராம். ஒனக்குத் தெரிஞ்சா நீ அழுவே, அழுதா தெருவுக்கே தெரிஞ்சிரும், அதான் சொல்லல என்றார் உங்கள் மாப்பிள்ளை.

சத்தம் சுண்ணாம்பை இளக்கும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. நேற்று மேல்தட்டிலிருந்த புளிப்பானையை அவராகவே எட்டி எடுத்தார். பாத்தியா, வலியே இல்ல என்று சிரித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. குணமா, நடிப்பா, எனக்குப் பிடிபடவில்லை. ஆமா, நல்லாத் தூக்குறீய என்று சொல்லிப் பானையை வாங்கிக்கொண்டேன்.

அவரிடம் பேசும்போது தோளைப் பற்றி வாயெடுக்காதீர்கள். உங்கள் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள். தேவைப்படாது. இருந்தாலும் கேட்டு வையுங்கள், அண்ணே.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
கௌசல்யா