இல்லாத உடையாருக்குப் போட்ட இலை

மேசையில் பேத்தியின் நூலகப் புத்தகம் கிடக்கிறது. மழையில் நனைந்த அட்டையின் வாடை நான் சமைக்கிற குசினிவரை வருகிறது. துருக்கி ராசாக்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதுகிறாள். பாதி இங்கிலீசிலும் பாதி தமிழிலும் எனக்குச் சொன்னாள்.

“அப்பம்மா, அந்த முதல் ராசாவின்ர அப்பப்பா ஆரெண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாதாம். பழைய காசில ஒரு பேர், பிறகு எழுதின புத்தகத்தில வேற பேர். பெரிய ஆக்களா வந்த பிறகு பெரிய பரம்பரை ஒண்டை எழுதி வச்சிட்டினமாம்.”

“அப்பிடி ஒருத்தரை எனக்கும் தெரியும்.”

“துருக்கியிலயோ?”

“இல்லை. என்ர வீட்டில.”

நீங்கள்தான். பெண் கேட்டு வந்தபோது, உங்கள் பாட்டனார் கந்தப்ப உடையார், ஊருக்கே அதிகாரி என்று என் அப்புவிடம் சொன்னீர்கள். குழம்பில் உப்புக் கூடினால், “உடையார் வீட்டில இப்பிடிச் சமைக்கிறேல்லை” என்பீர்கள். அதைக்கூடப் பொறுத்தேன். தபால் கந்தோரில் வேலை பார்த்த ஒரு நல்ல பெடியன் என் தங்கச்சியை விரும்பிக் கேட்டான். “அவன்ர பாட்டன் ஆரெண்டே தெரியாது. எங்கட பகுதிக்குச் சரிவராது” என்று நீங்கள்தான் குழப்பினீர்கள். அவள் இன்றைக்கும் ஊரில் தனியாகத்தான் இருக்கிறாள்.

நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய இந்தக் கிளென் ஈடன் வீட்டில் நீங்கள் கண்மூடி நாளையோடு ஒரு வருடம். திவசத்தில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி மகன் எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். பெயர் பிழைக்கக்கூடாது என்று உங்கள் அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். போன கிழமை பதில் வந்தது.

“எங்கட ஆக்களில உடையார் எண்டு ஒருத்தரும் இல்லை. அப்பப்பாவைச் சின்னவன் எண்டுதான் கூப்பிட்டவை. சின்னனில ஆரோ தோணியில கொண்டுவந்து விட்டவையாம். தாய் தேப்பன் ஆரெண்டு அவருக்கே தெரியாது. தம்பி உமக்குச் சொல்லேல்லையோ?”

சொல்லவில்லை. இஞ்சாருங்கோ, நாற்பது வருடம் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பட்டினி கிடந்து சமைத்து, இல்லாத ஒரு உடையாரைக் கூப்பிட்டு இலை போட்டேனே! தோணியில் வந்த மனிதர் பசியோடு பார்த்துக்கொண்டு நின்றிருப்பாரே. அது உங்களுக்கு ஒருநாளாவது உறைத்ததா?

தங்கச்சிக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அவள் உங்களை என்ன திட்டுகிறாளோ திட்டட்டும். நான் மன்னிக்கப் போவதில்லை. இந்தக் கோபம் என்னோடு சுடலைவரை வரும்.

நாளைக்கு மகன் பக்கத்தில் நின்று நானே பெயர்களைச் சொல்லிக்கொடுப்பேன். மூன்றாவது பெயர் சின்னவன். முதல் இலை அவருக்குத்தான். அவர் சாப்பிட்டு எழும்பட்டும், அதற்குப் பிறகு நீங்கள் வந்து இருங்கள்.