பர்மிட் கட்டிய மெஷின்

புரட்டாசி, வியாழன்.

மல்லிகாவின் வழக்கில் கம்பெனிக்கு அபராதம் போட்டுவிட்டார்கள். போன வருஷம் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் அவளுக்கு இரண்டு விரல்கள் போயின. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று அணைத்து வைத்திருந்தார்கள். வழக்கு நடந்தவரைக்கும் சென்சார் ஒழுங்காக ஓடியது.

இன்று காலை மேனேஜர் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். "முடிஞ்சுதுப்பா, இனிமே புரொடக்‌ஷனைப் பாருங்க" என்றார். மதியத்துக்குள் சென்சாரை மறுபடியும் அணைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் என்று நான் ஒருத்தன் இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மல்லிகாவின் இடத்தில் இப்போது மஞ்சுளா நிற்கிறாள். அவள் வீட்டுக்காரர் பெங்களூருக்கு டெம்போ ஓட்டுகிறவர், கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் மாசக் கணக்கில் பர்மிட் கட்டிவிட்டுப் போகிறவர். விளக்கு எரியாத சென்சாரைக் காட்டி அவள் கேட்டாள்: "ஃபைன் கட்டியாச்சுங்களாமே சார். இது எத்தனை மாசத்துக்குச் செல்லும்?"

அவள் கேலி செய்யவில்லை. ஃபைனும் பர்மிட் மாதிரிதான், கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னதில் எது தப்பு என்று எனக்கே தெரியவில்லை. "கையைப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சாயங்காலம் சொந்த ஊரான மத்தூரிலிருந்து மல்லிகா போன் செய்தாள்.

"ஃபைன் போட்டுட்டாங்களாமே சார். இனிமே சென்சாரை ஆஃப் பண்ண மாட்டாங்க இல்லீங்களா?"

"மாட்டாங்கம்மா" என்றேன்.

"அது போதுங்க சார்" என்றாள்.